செட்அப்பா, ஜிப்பா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் மாமன் மகனும் வேலை முடிந்து வரும் இரவுகளில் உட்கார்ந்து, ஆடுபுலி ஆட்டத்தைக் கணினி விளையாட்டாகச் செய்து முடித்திருக்கிறோம். 3 புலி, 15 ஆடு, எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் கீறியிருக்கும் அதே கட்டம். விளையாட்டுகளை உருவாக்கும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினில் செய்தது. இலவசமாகத்தான் தருகிறோம். ஜிப் கோப்பாக இணையத்தில் ஏற்றினோம். இறக்கியவர்களில் பலர் ‘திறக்கவில்லை’ என்கிறார்கள். கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர், ‘ஜிப்பாகக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? முறையாகக் கணினியில் நிறுவிக்கொள்ளும்படி ஒரு செட்அப் செய்து கொடு’ என்கிறார். மாமன் மகனோ ஜிப்பே போதும் என்று பிடிவாதமாக இருக்கிறான். இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் ஐயா.)

வேலந்தாவளம் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஜிப்பாகவே கொடுங்கள். ஆனால் இப்போது கொடுத்திருப்பதைப் போல அல்ல.

உங்கள் இணைப்பிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ‘திறக்கவில்லை’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஜிப்பை இருமுறை சொடுக்கினால் விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டரைப் போலவே திறந்து காட்டுகிறது. உள்ளே விளையாட்டின் பெயரில் ஒரு கோப்பு, பக்கத்தில் இன்னொன்று. பார்ப்பவர் முதல் கோப்பைச் சொடுக்குகிறார். ‘இந்த நிரல் மற்ற கோப்புகளைச் சார்ந்திருக்கலாம், முதலில் அனைத்தையும் பிரித்தெடுங்கள்’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதிலேயே ‘இயக்கு’ என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. விளையாட வந்தவர் எதை அழுத்துவார்? விண்டோஸ் அந்த ஒரே கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் போட்டு ஓட்டுகிறது. கட்டம், புலி, ஆடு, ஓசை எல்லாம் இருக்கும் பிசிகே கோப்பு ஜிப்புக்குள்ளேயே கிடக்கிறது. அது இல்லாமல் விளையாட்டு எப்படித் திறக்கும்?

இதற்கு செட்அப் தேவையில்லை. கோடோவில் ஏற்றுமதி செய்யும்போது பிசிகே கோப்பை நிரலுக்குள்ளேயே பொதிந்துவிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைக் குறியிட்டால் எல்லாம் ஒரே கோப்பாகிவிடும். ஜிப்பைப் பிரிக்காமல் சொடுக்குபவருக்கும் விளையாட்டு திறக்கும். ஆட்ட நிலையைக் கோடோவின் ‘யூசர்’ பாதையில் சேமித்திருந்தால் அது பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குப் போய்விடும், தற்காலிக ஃபோல்டரோடு அழியாது. பொதிந்த கோப்பைச் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகிப்பது உண்டு. அதனால் இரண்டு மூன்று கணினிகளில் ஓட்டிப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான செட்அப் என்ன செய்கிறது? நிர்வாகி அனுமதி கேட்கிறது, புரோகிராம் ஃபைல்ஸில் போய் உட்காருகிறது, விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எழுதுகிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற பழைய விளையாட்டு உருவாக்கும் கருவியில் செய்த விளையாட்டு பலவற்றுக்கு ஆர்டிபி என்ற பொதுத் தொகுப்பு தனியாக வேண்டும், வேறு சிலவற்றுக்கு, விண்டோஸில் படத்தையும் ஓசையையும் கையாளும் டைரக்ட்எக்ஸின் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும். இவற்றையெல்லாம் சரிபார்த்து நிறுவ ஒரு செட்அப் இருந்தால்தான் வேலை நடக்கும். உங்கள் ஆடுபுலிக்கு இதில் எதுவுமே வேண்டாம். எதுவும் தேவைப்படாத ஒரு விளையாட்டு நிர்வாகி அனுமதி கேட்பது, விருந்துக்கு வந்தவர் பீரோச் சாவியைக் கேட்பது போன்றது. கொடுப்பவர் நல்லவர் என்பது எனக்குத் தெரியும், கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாது. மதிப்பு என்று பேசினால், முதலில் அவருடைய கணினியை நாம் மதிக்க வேண்டும் என்பேன்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பிள்ளைகள் கணினியைத் தொடும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளி ஆய்வகம், அப்பா வேலை செய்யும் கடை, அரசுச் சேவைகளுக்கான அட்சயா மையம், யாரோ அண்ணனின் மடிக்கணினி. பெரும்பாலும் நிர்வாகி கடவுச்சொல் அவர்கள் கையில் இருக்காது. செட்அப்பை இறக்கி முடித்துச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்டு நிற்கும், அத்தோடு சரி. ஃபோல்டராக இருந்தால் பென்டிரைவில் போட்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இணையம் சரியாக வராத வீட்டுக்கும் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம், கேரள அரசுப் பள்ளிகளின் ஆய்வகங்களில் பொதுவாக விண்டோஸே கிடையாது. பள்ளிகளில் கணினிக் கல்விக்காகக் கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதன் இடத்தில் இருக்கும் கைட் நிறுவனமும் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆய்வகத்தில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். சித்தூர் தாலுகாவின் தமிழ் வழிப் பள்ளிகளுக்கும் இதுவேதான். நண்பர் சொல்கிறபடி நீங்கள் எவ்வளவு அழகாக செட்அப் செய்தாலும், நீங்கள் யாருக்காகச் செய்தீர்களோ அந்தப் பிள்ளைகளின் கணினியில் அது ஓடாது. கோடோவில் லினக்ஸுக்கும் ஏற்றுமதி செய்ய முடியும், கூடுதல் வேலை அதிகமில்லை. ஒரே ஒரு கவனம்: லினக்ஸில் ஒரு கோப்பு ஓட வேண்டுமானால் அதற்கு இயக்கும் அனுமதி இருக்க வேண்டும். விண்டோஸில் உருவாக்கிய ஜிப்பில் அந்த அனுமதி சேர்ந்து வராது. ஆசிரியர் சொடுக்குவார், ஒன்றும் நடக்காது. அதனால் லினக்ஸ் பதிப்பை ஒரு லினக்ஸ் கணினியில் வைத்து அனுமதியைக் கொடுத்து, லினக்ஸில் வழக்கமான சுருக்கக் கோப்பான டார்-ஜிஇசட்டாகக் கட்டுங்கள். அதில் அனுமதி அப்படியே நிற்கும்.

2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் நடக்கின்றன. பிள்ளைகள் அங்கே அசைவூட்டமும் நிரலாக்கமும் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் விளையாட்டைப் பார்த்துவிட்டு ‘இதை எப்படிச் செய்தார்கள்?’ என்று கேட்கப்போவது அவர்கள்தான். முடிந்தால் கோடோ மூலக் கோப்புகளையும் தனி ஜிப்பாகப் போடுங்கள். இதை வற்புறுத்தியே கேட்கிறேன். நம் திண்ணையாட்டம் ஒன்றின் விதிகளை நிரலாக எழுதியிருக்கும் கோப்பு, அதுவும் பக்கத்து ஊர்க்காரர் எழுதியது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கைக்குக் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

கோப்புப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஜிப்புக்குள் ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள். ஆசை புரிகிறது, எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஜிப் வடிவம் அமெரிக்க நிரலாளர் ஃபில் காட்ஸ் 1989இல் கொண்டுவந்தது. அன்றைக்கு அதில் பெயர்களுக்கு இருந்தது ஐபிஎம் கணினியின் பழைய எழுத்துத் தொகுதி. யுனிகோட் பெயர்களுக்கான குறி 2006இல்தான் அதன் வரையறையில் சேர்ந்தது. பழைய கருவிகள் இந்தக் குறியைக் கண்டுகொள்வதில்லை. அவற்றில் பிரித்தால் உங்கள் தமிழ்ப் பெயர் கோடும் கட்டமுமாகச் சிதைந்து வரும். வெளிப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வையுங்கள். உள்ளே, விளையாட்டின் திரை முழுக்கத் தமிழ் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிரிப்பவரின் டெஸ்க்டாப் முழுவதும் கோப்புகள் இறைந்துவிடும்.

‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்று வரும் நீலப் பெட்டி செட்அப் கொடுத்தால் வராது என்று நண்பர் நினைத்திருக்கலாம். அப்படியல்ல. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை இரண்டிலும் விழுகிறது, செய்தவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத, அதிகம் பேர் இறக்காத நிரலாக இருந்தால் இரண்டுக்கும் அந்தப் பெட்டி வரும். கையொப்பச் சான்றிதழுக்கு வருடந்தோறும் பணம் கட்ட வேண்டும், 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும். இலவச விளையாட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பெட்டியில் ‘கூடுதல் தகவல்’ என்பதை அழுத்தினால் இயக்கும் பொத்தான் வரும் என்று இறக்கும் பக்கத்தில் படத்தோடு எழுதுங்கள். எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குவது எனக்கு உவப்பான காரியம் இல்லை. அதனால் ‘இந்தப் பக்கத்திலிருந்து இறக்கியதை மட்டும்’ என்ற வரியையும் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

பிற்பாடு மெனுவில் குறுக்குவழி வேண்டும், எளிதாக நீக்கவும் வேண்டும் என்று யாராவது கேட்டால், இன்னோ செட்அப்பில் இரண்டாவதாக ஒன்று செய்து ஜிப்புக்குக் கீழே வையுங்கள். செட்அப் செய்வதற்கான இலவசக் கருவிதான் அது. நிர்வாகி அனுமதி கேட்காமல் பயனரின் சொந்த ஃபோல்டரிலேயே நிறுவும்படி அதில் அமைக்க முடியும். அப்படி மட்டுமே அமையுங்கள்.

லினக்ஸ் பதிப்பு தயாரானதும் எழுதுங்கள். கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பென்டிரைவில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.