இருபது நாள் குழந்தைக்கு ஆன்டிசெப்டிக் குளியல் தேவையா?

குளிக்கிற தண்ணியில தினமும் ஒரு மூடி ஆன்டிசெப்டிக் ஊத்தணும், "பச்சப் புள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது"ன்னு அத்தை சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. வேண்டாங்க. அவங்க பயம் நியாயம்தான், ஆனா தோல் அவ்வளவு வெறுமையா இல்ல.

மேல்தோல்ல கிருமி வருதான்னு காவல் காக்கிற லாங்கர்ஹான்ஸ் செல்கள் கருவிலேயே அங்க வந்து சேர்ந்துடும். எலிக்குட்டிகள்ல அவை முதிர்ச்சி அடையறது பெரும்பாலும் பிறந்த பிறகுதான். முதல் வாரத்துல அவை மளமளன்னு பெருகுது. அடுத்த வாரம் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (எதிர்ப்பு சக்தி தேவையில்லாம சண்டை போடாம அடக்கி வைக்கிற வெள்ளணுக்கள்) கூட்டமா தோலுக்குள்ள வந்து, முடிக்கால்களைச் சுத்தி உட்காருது. அந்தச் சமயத்துல தோல்ல குடியேறுற சாதாரண பாக்டீரியாவை "இது நம்ம ஆளு"ன்னு பழகிக்குது. வளர்ந்த எலிக்கு அந்தப் பாக்டீரியாவைப் புதுசா அறிமுகப்படுத்தினா அப்படிப் பழகறதில்ல. மனுஷக் குழந்தைக்கு நாள்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நல்ல கிருமியையும் சேர்த்து ஏன் கழுவணும்?

வெதுவெதுப்பான வெறும் தண்ணி போதும். சென்னை வெயிலுக்கு வேர்க்குரு வந்தா பருத்தித் துணி, ஃபேன் காத்து போதும்; பவுடர் அப்பாதீங்க.

இடது கையில போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி இடம் இன்னும் சில வாரத்துல வீங்கி லேசா சீழ் வைக்கும். அது இயல்பு, அங்கயும் எதுவும் தடவாதீங்க.

உடம்புல வேற எங்கயாவது சீழ்க் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்க மறுக்கறதுன்னா மட்டும் காத்திருக்காம உடனே எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க, ராத்திரியானாலும்.