ஸ்கான் அறையும் உங்கள் பயமும்: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்

முதல் ஸ்கானில் ஒரு பிரசவத் திகதி, ஏழாம் மாதத்தில் வேறொன்று. எதை நம்புவது? (சுன்னாகம்)

முதலாவதை. 11 முதல் 13 கிழமைக்குள் பிள்ளையின் உச்சி முதல் பிட்டம் வரை அளந்து சொன்ன திகதி ஐந்தாறு நாள்தான் முன்பின்னாகும். ஏழாம் மாதத்து அளவில் 2, 3 கிழமை பிசகலாம். அந்த ஸ்கான் வளர்ச்சியைப் பார்க்க, திகதியை மாற்ற அல்ல. பழைய ஸ்கான் துண்டையும் கிளினிக் அட்டையையும் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.

ஸ்கான் கதிர் பிள்ளைக்குக் கூடாது என்கிறார் மாமி. (சாவகச்சேரி)

அது கதிர் அல்ல, ஒலி அலை. எக்ஸ்ரே வேறு.

ஸ்கானில் ஏதோ பிரச்சினையாம். என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

எத்தனையாம் கிழமை? துண்டில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டையும் எழுதாமல் பதில் கேட்டால் நான் எதைச் சொல்ல? துண்டோடு நாளைக்கே உங்கள் வைத்தியரிடம் போங்கள்.

20ஆம் கிழமையில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம். (கோப்பாய்)

கருப்பை பெருக்கப் பெருக்கப் பத்தில் ஒன்பது பேருக்கு அது மேலே போய்விடும். 32ஆம் கிழமையளவில் திரும்பப் பார்ப்பார்கள். அதற்கிடையில் இரத்தம் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

ஐந்தாம் மாத ஸ்கானில் வைத்தியர் ஒரு சொல்லும் பேசவில்லை. திரையும் அவர் பக்கம். வெளியே வந்து அழுதேன். நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? (பருத்தித்துறை)

இல்லைத் தங்கச்சி. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். தலை, வயிறு, தொடை எலும்பு அளக்க வேண்டும். இதயத்தின் நாலு அறையும் தெரிய வேண்டும். பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால் காத்திருக்கவும் வேண்டும். மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கவனம்தான். ஆனால் குளிர்ந்த ஜெல்லோடு மல்லாந்து கிடக்கிற தாய்க்கு அது எப்படித் தெரியும்? அவள் வைத்தியரின் புருவத்தைத்தான் பார்ப்பாள். அது ஒருமுறை சுருங்கினால் போதும், நெஞ்சு பதறிவிடும். "இப்ப இதயத்தைப் பார்க்கிறன், கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்ல எத்தனை விநாடி? என் தொழில்காரருக்கே சொல்கிறேன்: முடிந்ததும் திரையைத் தாயின் பக்கம் திருப்புங்கள். கணவரை வெளி வாங்கில் இருத்தாமல் உள்ளே விடுங்கள். நீங்களும் படுக்கும்போதே கேளுங்கள்: "டொக்டர், பார்த்து முடிய எனக்கும் ஒருக்கா காட்டுவீங்களோ?" மல்லாந்து கிடக்கத் தலை சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லி இடப்பக்கம் திரும்புங்கள்.

34 கிழமை. இரண்டு நாளாய் அசைவு குறைவு. அடுத்த கிழமை ஸ்கான் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா? (காரைநகர்)

பொறுக்கவே கூடாது. கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். போன ஸ்கான் நல்லது என்பது இன்றைய அசைவுக்குப் பதில் ஆகாது. அசைவு குறைந்தால் இரவோ பகலோ அந்த நேரமே புறப்படுங்கள்.