குதிரைக்குக் களுசான் தேவையா?

கேள்வி இதுதான்: குதிரைக்குத் தலையிலிருந்து வால் வரை ஆடை போட்டு விடுகிறார்களே, அதில் உண்மையில் பயன் உண்டா, ஆபத்தில்லையா, இல்லை வெறும் கோமாளித்தனமா?

நான் இலங்கையில், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் பிறந்தவன். எங்கள் ஊரில் குதிரை என்றால் மட்டக்குதிரை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழி வந்தவை, யாருக்கும் சொந்தமில்லாமல் தீவின் தெற்குப் புல்வெளியில் திரியும். உடுப்பை விடுங்கள், கடிவாளம்கூட அறியாத குதிரைகள் அவை. அப்படி ஊரில் இருந்து போன நான், இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் ஆறு வருடம் சாணம் அள்ளி, புல் போட்டு, குதிரைகளுக்கு உடுப்பு மாட்டிக் கழற்றி உழைத்தவன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். மிருக வைத்தியன் இல்லை.

முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தை மாதம், காலை ஏழு மணி, விடியவே இல்லை. லாயத்துக்குள் லைற்றைப் போட்டால், எதிரே ஒரு குதிரை நீல நிறத்தில் தடித்த போர்வை ஒன்றைக் கழுத்திலிருந்து வால் வரை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே இன்னொரு மெல்லிய போர்வை. முகத்தில் நீச்சலுடுப்புத் துணி போல இறுக்கமான ஒரு முகமூடி. கண்ணும் காதும் வாயும் மட்டும்தான் தெரிந்தன. வங்கியில் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்: "என்னடா, அங்கை குதிரைக்கும் களுசானோ?" களுசான் என்றால் எங்கள் ஊரில் கால்சட்டை.

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகுதான் மெல்ல விளங்கியது. உடுப்பு குதிரைக்கா, குதிரைக்காரனுக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

குளிரை எடுத்துக்கொள்வோம். குதிரைக்கு இயற்கையே உடுப்புக் கொடுத்திருக்கிறது. பகல் குறையத் தொடங்கியதும் மாரிக்கால மயிர் அடர்த்தியாக வளரும். குளிர் கூடினால் அந்த மயிர் சிலிர்த்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். அதுதான் அதன் கம்பளி. உள்ளுக்குள் அடுப்பும் உண்டு: பெருங்குடலில் வைக்கோல், காய்ந்த புல் புளித்துச் செரிக்கும்போது வெப்பம் வரும். குளிர் இரவில் ஒரு கட்டுப் புல் கூடப் போடுவது பல நேரம் ஒரு போர்வைக்குச் சமம். மிதமான காலநிலைக்குப் பழகிய வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 5 பாகையிலிருந்து 25 பாகை செல்சியஸ் வரை உடம்பு தனியாக மெனக்கெடத் தேவையில்லை. நமக்குப் பல் கிட்டுகிற குளிரில் அது சும்மா நின்று புல் தின்னும். நாம் நடுங்குகிறோம் என்பதற்காக அதன் மேல் போர்வையைப் போட்டால் சிலிர்த்து நிற்க வேண்டிய மயிரை அமுக்கி விடுகிறோம், அவ்வளவுதான்.

அப்போ ஏன் போடுகிறார்கள்? மாரியிலும் வேலை வாங்கும் குதிரைகளுக்கு மயிரை ஒட்ட வெட்டி விடுவார்கள். இல்லையென்றால் ஓடி வியர்த்து, அந்த ஈரம் காயாமல் குளிர் பிடிக்கும். வெட்டிய கம்பளிக்குப் பதில் வேறு கம்பளி கொடுக்கத்தானே வேண்டும். வயது போனவை, மெலிந்தவை, நோயில் கிடந்து எழும்பியவை, காற்றும் மழையும் சேர்ந்தடிக்கும்போது ஒதுங்க இடமில்லாதவை, இவற்றுக்கும் வேண்டும். போர்வைகளிலும் தரம் தரமாக இருக்கும். உள்ளே பஞ்சே இல்லாமல் மழைக்கு மட்டும் ஒன்று, 100 கிராம், 200 கிராம், 300 கிராம் என்று பஞ்சின் கனத்தைச் சொல்லி விற்பார்கள். எந்தக் குதிரைக்கு எந்த இரவில் எது என்று லாயத்துச் சுவரில் பட்டியலே தொங்கும். அதைப் பிழைபிழையாகப் போட்டு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி நோர்வேயில் நடந்தது, 2016ல் வெளிவந்தது. 23 குதிரைகளுக்கு மூன்று குறிகளைப் படிப்பித்தார்கள். ஒரு குறியை மூக்கால் தொட்டால் போர்வை போடு, இன்னொன்று போர்வையைக் கழற்று, மூன்றாவது இருக்கிறபடியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் பிடித்துக்கொண்டன. வெயில் நாளில் கழற்றச் சொல்லின, மழையும் காற்றும் குளிருமான நாளில் போடச் சொல்லின. குதிரைக்கு உடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் லாயத்தில் தேத்தண்ணி குடித்தபடி எத்தனை முறை சண்டை பிடித்திருப்போம். குதிரையையே கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சரி, முழு உடம்பையும் மூடும் ஆடைக்கு வருவோம். அது குளிருக்குப் போடுவதைவிட பூச்சிக்குப் போடுவதுதான் நியாயமானது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் லாயத்தில் பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. நான் போன வருடம் வெயில்காலம் தொடங்கியதும் அது வேலிக் கட்டையில் வாலடியைத் தேய்க்கத் தொடங்கியது. தேய்த்துத் தேய்த்து மயிரெல்லாம் போய், தோல் யானைத்தோல் மாதிரித் தடித்து, பிடரியில் இரத்தம் கசிந்தது. நான் சொறி என்று நினைத்தேன். காரணம் ஒரு பூச்சி. நுளம்பைவிட மிகச் சிறியது, கண்ணில் படுவதே அரிது. அதன் எச்சிலுக்குச் சில குதிரைகளின் உடம்பு ஒத்துக்கொள்ளாது. கடித்தால் சும்மா தடிப்பு வந்து போகாது, பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு அரிப்பு எடுக்கும். காலையும் மாலையும் மங்கல் வெளிச்சத்தில்தான் அந்தப் பூச்சிகள் அதிகம் கிளம்பும். மருந்து பூசலாம், அந்த நேரம் உள்ளே கட்டலாம், காற்றாடி போடலாம். ஆனால் நன்றாகக் கைகொடுப்பது பூச்சி நுழைய முடியாத மெல்லிய வலைத்துணியில் காது, கழுத்து, வயிறு, வாலடி எல்லாம் மூடித் தைத்த ஆடைதான். வயிற்றுப் பக்கத்தைத் திறந்து விட்டால் அங்கே போய்க் கடிக்கும். ஆகவே 'முழு' என்ற சொல்லுக்கு இங்கேதான் உண்மையான அர்த்தம் இருக்கிறது.

அடுத்த வருடம் பங்குனியிலேயே, பூச்சி வருமுன், அதற்கு அந்த உடுப்பைப் போட்டோம். ஆவணியில் பார்த்தால் வாலடியில் மயிர் வளர்ந்து நின்றது. ஊரில் பின்னேரம் மாட்டுக் கொட்டிலில் வேப்பிலைப் புகை போடுவோமே, அதே வேலையைத்தான் துணி செய்கிறது. புகை காற்றில் போய்விடும், துணி கூடவே போகும்.

வரிக்குதிரைக் கோடு போட்ட உடுப்பும் உண்டு. பார்த்தால் குழந்தைப்பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி போல இருக்கும். ஆனால் 2019ல் பிரிஸ்ரல் பல்கலைக்கழகக்காரர் சம்பந்தப்பட்ட ஆய்வொன்றில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி போட்ட உடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வரி போட்டதில் மிகக் குறைந்த இலையான்களே வந்து குந்தின. அந்தக் குதிரைகளின் மூடாத தலையில் மட்டும் வழக்கம்போலக் குந்தின. வரிகள் கிட்ட வந்த பூச்சியைத் தடுமாற வைத்து, சரியாக இறங்க விடுவதில்லை என்கிறார்கள். ஆக, கோமாளி மாதிரித் தெரிவதெல்லாம் கோமாளித்தனம் இல்லை.

உண்மையான கோமாளித்தனமும் நடந்தது. 2016ல் செல்ற்றன்ஹாம் குதிரைப் பந்தயத்தையொட்டி, ஒரு சூதாட்டக் கொம்பனியின் விளம்பரத்துக்காக, ஒரு பந்தயக் குதிரைக்கு ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியில் கோட்டு, சட்டை, களுசான், தொப்பி என்று முழு சூட் தைத்துப் போட்டுப் படம் எடுத்தார்கள். அப்பாவின் களுசான் கேள்வி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. படம் எடுத்தவுடன் கழற்றியிருந்தால் குதிரைக்குப் பெரிய நட்டமில்லை.

ஆபத்து என்று கேட்டால், குதிரைக்குப் பொருந்தாத உடுப்பும் பார்க்காமல் விட்ட உடுப்பும்தான் ஆபத்து. போர்வைக்கு வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் பட்டிகள் உண்டு. அவற்றைத் தொய்வாகக் கட்டினால் குதிரை படுத்து எழும்பும்போது கால் மாட்டும். கால் மாட்டினால் குதிரை யோசித்து நிற்காது, உதறும், மிரண்டு ஓடும். இறுக்கமானால் தோள்மூட்டில் மயிர் தேய்ந்து புண் வரும். முகமூடி திரும்பிக் கண்ணை மறைத்தால் அது சுவரில் போய் மோதும். மழைநீர் உள்ளே போய் ஊறிய போர்வையைக் கழற்றாமல் விட்டால் முதுகெல்லாம் பொருக்குப் பொருக்காகப் புண் கிளம்பும்.

இதைவிட மெல்ல வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. ஒரு கிழட்டுக் குதிரை. மாரி முழுக்கத் தடித்த போர்வையோடு நின்றது. நான் தினமும் போர்வைக்கு மேலாகத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவேன். ஒருநாள் முதலாளி அம்மா கழற்றச் சொன்னார். விலா எலும்புகளை எண்ணலாம். போர்வை கொழுத்துத்தான் இருந்தது, குதிரை மெலிந்து போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கழற்றிப் பார்ப்பது, கையை உள்ளே விட்டுத் தோள் பக்கம் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளே ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் உடுப்பு கூடிப்போச்சு. காதைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்தக் கைப்பழக்கம் யாழ்ப்பாணத்தில்தான் ஒருமுறை உதவியது. திரும்பி வந்த பிறகு, வைகாசி மாதக் கலியாணம் ஒன்று. மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டுமாம். தெற்கிலிருந்து லொறியில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து இறங்கியது. காலை பத்தரை, வெயில் கொளுத்துகிறது. குதிரைக்குக் காது முதல் குளம்பு வரை சிவப்பு வெல்வெற், உள்ளே பொலியெஸ்ரர் லைனிங், சரிகை, சலங்கை. தவிலும் சீனவெடியும் வேறு. நான் பக்கத்தில் போய் மார்புப் பக்கம் கையை விட்டேன். சுடுதண்ணியில் ஊறிய துவாய் மாதிரி இருந்தது. பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளையாக நுரை. குதிரை வியர்வையில் சவர்க்காரம் போல நுரைக்கும் புரதம் ஒன்று உண்டு, வியர்வையை மயிரில் பரப்பி ஆவியாக விடுவதற்கு. மேலே வெல்வெற் மூடியிருந்தால் எங்கே ஆவியாவது? சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நான் அதன் விலாவைப் பார்த்துக் கால் நிமிடம் எண்ணினேன், 15 வந்தது. அதாவது நிமிடத்துக்கு 60.

பிடித்துக்கொண்டு நின்ற பெடியனிடம் கழற்றச் சொன்னேன். "அண்ணை, அவை காசு குடுத்ததே இந்த உடுப்புக்குத்தான்" என்றான். மாப்பிள்ளையின் மாமனார் முறையான ஒருவர், "தம்பி, வீடியோக்காரர் இன்னும் எடுக்கேல்லை, பத்து நிமிசம் பொறுங்கோ" என்றார். நான் பொறுக்கவில்லை. வாய்த்தர்க்கம் வந்தது. கடைசியில் அந்தப் பெடியனே ஒரு பக்கத்துக் கொழுவியைக் கழற்ற, நான் மற்றப் பக்கம் கழற்றினேன். கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஒரு பெரியவர் தடுத்தார். அது பழைய கதை. நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் சரி. அரைமணித்தியாலத்தில் மூச்சு இறங்கியது. மாப்பிள்ளை காரில் வந்தார். அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு பரிமாறினார்கள், ஆனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே மார்கழி, தை இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிருக்கென்று குதிரைக்கு உடுப்புத் தேவைப்படும் நாள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அலங்காரம் ஆசையென்றால் கோயில் குதிரை வாகனத்துக்குப் பட்டுச் சாத்துங்கள். மரக்குதிரைக்கு வியர்க்காது. உயிர்க்குதிரைக்கு ஒரு மாலையும் நெற்றிச் சுட்டியும் போதும், அதுவும் நிழலில்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யாராவது வெளிநாட்டிலிருந்து போர்வை சேர்த்து அனுப்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனம்தான். ஆனால் கட்டிய பட்டியை அடுத்த நாள் பார்ப்பது யார்? ஆடி, ஆவணியில் குளங்களும் கிடங்குகளும் வற்றிப் புல் கருகும்போது அவை தண்ணீருக்கு அலைந்து சாகின்றன. போர்வை அனுப்புகிற காசுக்கு இரண்டு பவுசர் தண்ணீர் தொட்டியில் விடலாம்.

நான் வரும்போது பூச்சிக்குப் போடும் பழைய வலையாடை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். இலையான் தொல்லை என்று எங்கள் வீட்டுப் பசுவுக்குப் போட்டுப் பார்த்தேன். அது கழுத்தைத் திருப்பி, பொறுமையாக, வயிற்றுப் பட்டியை மென்று தின்னத் தொடங்கியது. அம்மா ஓடி வந்து பிடுங்கினார். மிச்சத் துணி இப்போது கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.