திலீப் குமாரும் அமிதாப்பும் மோதிய 'சக்தி' (இந்தி, 1982): உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: படம் பார்த்ததில்லை. முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை, கதை என்ன?

அஸ்வினி குமார் (திலீப் குமார்) நேர்மையான போலீஸ் அதிகாரி. கடத்தல்காரன் ஜே.கே.யின் ஆட்கள் அவருடைய சின்னப் பையன் விஜய்யைத் தூக்கிக்கொண்டு போய், எங்கள் ஆளை விடு, இல்லையென்றால் இவன் செத்தான் என்று போனில் மிரட்டுகிறார்கள். கொன்றாலும் கொல்லுங்கள், கடமை தவற மாட்டேன் என்கிறார் அப்பா. பையன் அதைக் கேட்டுவிடுகிறான். எப்படியோ தப்பி வீடு வந்துவிடுகிறான், ஆனால் அந்தக் குரல் அவனை விடவே இல்லை. வளர்ந்து அமிதாப் ஆன பிறகு, அன்று தன்னைத் தப்பவிட்ட நாரங்கிடம் (குல்பூஷன் கர்பந்தா) போய்ச் சேர்கிறான். கடைசியில் அப்பா சுட்டுத்தான் சாகிறான்.

கேள்வி: பெற்ற பிள்ளையைவிடச் சட்டம் பெரிதா? அப்பா செய்தது சரி என்கிறீர்களா?

போனில் சொன்னது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் பிள்ளைக்காக ஒரு கைதியை விட்டுவிட்டால், அப்புறம் எந்த அதிகாரியின் பிள்ளையும் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போக முடியாது. தப்பு அதற்கப்புறம் நடக்கிறது. திரும்பி வந்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன், சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது என்று அந்த மனிதர் பேசவே இல்லை. கடைசியில் விமான நிலையத்தில், குண்டடிபட்ட மகன் அப்பாவின் மடியில் கிடந்து, உங்களை நேசித்தேன் என்கிறான். நானும்தான் என்கிறார் அப்பா. அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறான் பாருங்கள், சலீம் - ஜாவேத் மொத்தக் கதையையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இது நம்ம 'தங்கப்பதக்கம்' மாதிரி இல்லையா?

அடிப்படை அதேதான். 1974-ல் வந்த அந்தப் படத்தில் எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி, மகன் ஜெகனாக ஸ்ரீகாந்த், எழுதியவர் மகேந்திரன். அங்கேயும் அப்பா மகனைச் சுடுகிறார். ஆனால் தமிழில் நம் மனசு முழுக்க சௌத்ரி பக்கம் நிற்கும். இந்தியில் மகன் பக்கமும் நியாயம் வைத்திருக்கிறார்கள், அதனால் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்துப்போவோம். எனக்கு அந்தத் தவிப்புதான் பிடிக்கும்.

கேள்வி: ராக்கி அமிதாப்புக்கு அம்மாவா?

ஆமாம், அதே 1982-ல் 'பேமிசால்' படத்தில் அமிதாப்புடன் நாயகியாகவும் நடித்திருக்கிறார். இருந்தும் இதில் ஒரு இடத்தில்கூட உறுத்தாது. இரண்டு பக்கமும் இழுபடும் அம்மாவாக அவ்வளவு நிதானமாகச் செய்திருக்கிறார்.

கேள்வி: இரண்டு பேரில் யார் ஜெயித்தார்கள்?

ஃபிலிம்ஃபேர் விருது திலீப் குமாருக்குப் போனது. சிறந்த படம், திரைக்கதை விருதுகளும் இதற்கே. என்னைக் கேட்டால், அம்மா இறந்த பிறகு வரும் காட்சியைப் பாருங்கள் என்பேன். சிறையிலிருந்து போலீஸ் காவலோடு வரும் மகன், இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காருகிறான். வசனம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து நடித்த ஒரே படம் இது, அந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் ரமேஷ் சிப்பிக்கு நன்றி சொல்வேன்.

கேள்வி: 'கூலி' விபத்துக்கு அப்புறம் வந்த படமா?

ஆமாம். 1982 ஜூலையில் 'கூலி' என்ற இந்திப் படத்தின் சண்டைக் காட்சியில் அடிபட்டு உயிருக்குப் போராடிய அமிதாப் செப்டம்பர் கடைசியில்தான் வீடு திரும்பினார், படம் அக்டோபர் 1 அன்று வெளியானது. ஆனால் நடித்து முடித்தது விபத்துக்கு முன்பே.

கேள்வி: அனில் கபூர் இருக்கிறாரா?

இருக்கிறார், பேரன் ரவியாக. தாத்தா அவனுக்குச் சொல்லும் கதையாகத்தான் படமே வருகிறது, அதனால் தொடக்கத்தை ஓட்டிவிடாமல் பாருங்கள்.