பூட்டிய பீரோவும் ஒரு பார்கோடும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. நான்கு பீரோக்களில் ஏறத்தாழ 1,200 நூல்கள் உள்ளன. இவற்றைக் கணினிமயமாக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். கல்லூரிக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் அது தேவைதான். எங்களைப் போன்ற சிறிய பள்ளிக்கு அதனால் வேலை கூடுவதைத் தவிர வேறு என்ன பயன்?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: வேலை கூடும் என்பது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நூலின் விவரங்களைப் பதிவு செய்து, ஒட்டுத்தாள் ஒட்டி, மீண்டும் அடுக்குவதற்கு 3 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 1,200 நூல்களுக்கு 60 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் முப்பது வேலை நாட்கள் போய்விடும். இதற்குப் பிறகுதான் பயன் தொடங்குகிறது.

பள்ளி நூல்கள் படிக்கப்படாமல் கிடப்பதற்குப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் பார்த்த வரையில் காரணம் பீரோச் சாவியில் இருக்கிறது. மாறுதலில் செல்லும்போது பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இருப்புச் சரிபார்ப்பில் பத்து நூல்கள் குறைந்தால் கைப்பணத்திலிருந்து கட்ட நேரிடுமோ என்ற கவலை ஆசிரியருக்கு எப்போதும் உண்டு. கொடுத்த நூல் யாரிடம் இருக்கிறது என்று உடனே சொல்ல முடியாத நிலையில், கொடுக்காமலே இருப்பதுதான் பாதுகாப்பு என்று எவருக்கும் தோன்றும். ஆசிரியரின் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டின் அமைப்பு அப்படி.

அதைச் சற்று விளக்குகிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் நூல்கள் பள்ளிக்கு வந்த வரிசையில் இருக்கின்றன. வழங்கல் நோட்டில் நூல் வெளியே சென்ற தேதி வரிசை இருக்கிறது. எழுதப்பட்ட நோட்டுக்கு ஒரே ஒரு வரிசைதான் உண்டு. 417ஆம் எண்ணுள்ள நூல் எங்கே என்று கேட்டால் ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு நிற்கும் ஒரு மாணவி எத்தனை நூல்களைத் திருப்பித் தரவில்லை என்று பார்க்க மறுபடியும் அதே பக்கங்களைப் புரட்ட வேண்டும். கணினியில் ஒருமுறை பதிந்த அதே விவரத்தை நூலின் பெயராலும், ஆசிரியர் பெயராலும், மாணவர் பெயராலும், தேதியாலும் கேட்கலாம். கணினிமயமாக்கல் என்பதன் சாரம் இவ்வளவுதான். மற்றவை இதன் கிளைகள்.

கிளைகளில் ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கடந்த ஓராண்டில் ஒருமுறைகூட வெளியே போகாத நூல்கள் எவை என்று மென்பொருளிடம் கேட்டால் பட்டியல் வந்துவிடும். அடுத்த முறை நூல் வாங்கப் பணம் வரும்போது, அலமாரியில் ஏற்கெனவே ஐந்து படிகள் உறங்கும் பொது அறிவு நூலையே ஆறாவதாக வாங்கும் தவறு நேராது. 1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாகவும், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை நான்காம் விதியாகவும் வைத்தார். அவர் சீர்காழியில் பிறந்தவர் என்பது நம் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இனிச் செய்முறைக்கு வருகிறேன். நூலின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டு நூல் எண்ணின் பார்கோடே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. ஒரே பதிப்பின் ஐந்து படிகளுக்கும் அந்த எண் ஒன்றேதான்; பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. ஒவ்வொரு படிக்கும் தனியாக உள்ள சேர்க்கை எண்ணையே பார்கோடாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுத்தாளின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டால் பிள்ளைகளின் கைவியர்வையில் எண் அழியாது. ஸ்கேனர் என்பது ஒருவகை விசைப்பலகை என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோடுகளைப் படித்து, அந்த எண்ணைத் தானே தட்டச்சு செய்து, என்டர் விசையையும் அழுத்திவிடும். அதற்கென்று தனிப் பயிற்சி தேவையில்லை.

உண்மையான சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ஒரே எழுத்தாளர் நம் பதிவேடுகளில் மு.வ., டாக்டர் மு.வ., மு. வரதராசன், வரதராசனார் என்று நான்கு பேராக இருப்பார். இவற்றில் ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு தொடங்காவிட்டால், தேடும் பிள்ளைக்குப் பாதி நூல்கள் கிடைக்காமலே போகும். இரண்டாவதாக, எல்லாவற்றையும் ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பதிந்த பட்டியல், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், மென்பொருளுக்கு மாற்றியவுடன் பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். அப்படி ஒரு பள்ளியில் ஒரு கோடை விடுமுறையின் உழைப்பு முழுவதும் வீணானதைக் கண்டிருக்கிறேன்.

மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டாம். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளான கோஹாவும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டின் தேதிகளைக் கையாளாது என்ற நெருக்கடியில் கோஹா உருவானது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். அதை லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவ வேண்டும் என்பதால், விவரம் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். 300 நூல்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டுமே மிகை. ஓர் எக்செல் தாள் போதும். தங்கள் 1,200 நூல்களுக்கு மென்பொருள் தகும்.

கேள்வி: எங்கள் பள்ளி தளி அருகே உள்ளது. தமிழோடு தெலுங்கு, கன்னட நூல்களும் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டுமா?
– ஓர் ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம். ஒருங்குறியில் மூன்று எழுத்துகளும் ஒரே பட்டியலில் இருக்கலாம். மொழி என்ற கட்டத்தை மட்டும் தவறாமல் நிரப்புங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் நிறைய உண்டு. தன் வீட்டுமொழியில் என்னென்ன நூல்கள் பள்ளியில் இருக்கின்றன என்று அந்தப் பிள்ளை தானே தேடிப் பார்க்க முடியும் என்றால், தங்கள் பள்ளிக்கு இதைவிடப் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கணினியில் ஏற்றியபின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கைவிடலாமா?
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: கூடாது. தலைமையாசிரியர் கையொப்பமிட்ட அந்தப் பதிவேடே ஆதாரம். கணினிப் பட்டியல் அதிலிருந்து பிறந்தது. புதிய நூல் வந்தால் முதலில் பதிவேட்டில் எண் இட்டு, அதே எண்ணைக் கணினியில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை தரவை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, கணினி இருக்கும் அறையில் வைக்காமல், தலைமையாசிரியர் அறை மேசையில் வைத்திருங்கள்.