அரிச்சல்முனைக்கு முன்னாலேயே காரை நிறுத்தினால்?

கேள்வி: விடுமுறை நாட்களில், அரிச்சல்முனையில் முடியும் தனுஷ்கோடி சாலையில் கார்கள் நகர்வதே இல்லை. முன்னாலேயே ஒரு நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து மினி பஸ் விட்டால் என்ன? எத்தனை காருக்கு இடம் வேண்டும்?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: புது யோசனை இல்லை இது. 2017-ல் தார்ச்சாலை திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்தோடு கார் நின்றுவிடும்; அதற்கப்பால் மணலில் வேன்தான்.

கிடைத்த நிலத்தை அளந்து "இத்தனை கார்" என்று முடிவுகட்டுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கணக்கை மாலையிலிருந்து போடுங்கள். காலையில் ஆட்கள் சிறுகச் சிறுக வருவார்கள். பொழுது சாய்ந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும். நிறுத்துமிடம் முனையிலிருந்து 12 கி.மீ. என்று வைப்போம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக 24 நிமிடம், வர 24. இரு முனையிலும் ஏற்றி இறக்க ஆறாறு நிமிடம். ஒரு நடை ஒரு மணி நேரம். 10 நிமிடத்துக்கு ஒன்று விட 6 பஸ் வேண்டும். 30 இருக்கை என்றால் மணிக்கு 180 பேர். காருக்கு 4 பேர் வீதம் அது 45 கார்தான். 100 கார் நிறுத்தினால் கடைசிக் குடும்பம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் நிற்கும். அடுத்த முறை அவர்கள் பஸ் பக்கமே வரமாட்டார்கள்.

45 காருக்கு, இடையில் கார் போய்வரும் வழியும் சேர்த்து, காருக்கு 25 சதுர மீட்டர் வீதம் சுமார் 1,125 சதுர மீட்டர். பஸ் திரும்ப, பைக் நிறுத்த, கழிப்பறைக்கு என்று கூட்டினால் 50 சென்ட் போதும்.

இன்னொன்று: வழியில் இடிந்த தேவாலயத்தருகே இறங்குபவர்கள் திரும்பும்போது முனையிலிருந்து வரும் பஸ் நிரம்பி வந்தால் ஏற முடியாது. முனையிலேயே ஐந்தாறு இருக்கையைக் காலியாக விட்டு அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்துமிடத்தைத் தாண்டிச் சுற்றுலா கார்களை விட்டால் எல்லாம் வீண். கம்பிப்பாடு, பாலம் ஆகிய குப்பங்களின் மீனவர்களுக்கும் மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் மட்டும் அனுமதிச் சீட்டு.

கேள்வி: இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சித்திரையில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் சமதரை, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும். பூநாரைகள் மேயும் சேற்றுவெளி அது. 2025-ல் தனுஷ்கோடியில் அவற்றுக்குச் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். அடம்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடு மணற்குன்று, அதையும் விட்டுவிடுங்கள். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி சேற்றுவெளி, மணற்குன்று, ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் மிகக் கடுமையான வகையில் வரும். கடலை ஒட்டிய நிலத்துக்கெல்லாம் அந்த அறிவிக்கையின் கட்டுப்பாடு உண்டு. முனைப்பக்கம் இருபுறமும் கடல் நெருங்குவதால், நிலம் அகன்றிருக்கும் ராமேஸ்வரம் பக்கமாகப் பின்வாங்கி, ஏற்கெனவே சமன்செய்த இடம் அல்லது சீமைக் கருவேலம் மண்டிய தரிசாகப் பாருங்கள்.

கேள்வி: சிமென்ட் தளமா, புல் முளைக்கும் கல்லா?

பதில்: இரண்டும் வேண்டாம். காருக்கடியில் வெயில் படாது, காற்றில் உப்பு. புல் ஒரு கோடைகூடத் தாங்காது. 20 செ.மீ. வெட்டி, ஜியோ டெக்ஸ்டைல் (தண்ணீரை வடியவிடும் செயற்கைத் துணி) விரித்து, 40 மி.மீ. ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் 12 மி.மீ. ஜல்லி 5 செ.மீ. போடுங்கள். துணி இல்லாவிட்டால் ஜல்லி மணலுக்குள் இறங்கிவிடும். கிரஷர் தூளைக் கொட்டி "கெட்டிப்படுத்த" ஒப்பந்தக்காரர் கேட்பார். சம்மதிக்காதீர்கள், இடைவெளி அடைபட்டு மழைநீர் தேங்கும். நுழைவாயிலும் பஸ் திரும்பும் இடமும் மட்டும் கான்கிரீட். சக்கரம் திருகும் இடத்தில் ஜல்லி நிற்காது.

விளக்கு இடுப்புயரத்தில், மூடி போட்டு, மஞ்சள் நிறத்தில். தை முதல் பங்குனிவரை ஆமைகள் முட்டையிடும் காலம்; வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுக் கரைப்பக்கம் ஊரும். கடைசி பஸ் வந்ததும் அணைத்துவிடுங்கள்.