வாசகர் கேள்வி – பதில்: அயர்லாந்தை எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை இரண்டு முறை எடுத்தும் ஐம்பது பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. ஆயினும் அயர்லாந்தின் வரலாற்றையும் இன்றைய வாழ்வையும் கதைகளின் வழியே அறிய வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. ஆங்கிலத்தை ஓரளவே படிக்கக்கூடிய என் போன்றவர்கள் எங்கே தொடங்குவது? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: கிளேர் கீகன் எழுதி 2021இல் வெளிவந்த 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்னும் குறுநாவலிலிருந்து தொடங்குங்கள். நூற்றுச் சொச்சம் பக்கங்கள்தாம், சொற்களும் எளியவை. 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில், நியூ ராஸ் என்னும் சிற்றூரில் நிலக்கரி விற்கும் பில் ஃபர்லாங் என்பவர், விடிவதற்கு முன்பே கன்னிமாடத்துக்குச் சரக்கு இறக்கப் போகிறார். கரிக்கொட்டகையின் கதவைத் திறந்தால், உள்ளே இரவெல்லாம் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஓர் இளம்பெண் இருக்கிறாள். அவள் தனக்காக எதையும் கேட்கவில்லை. தன் கைக்குழந்தையைப் பற்றி உள்ளே இருப்பவர்களிடம் விசாரிக்கும்படி மட்டும் கேட்கிறாள். ஃபர்லாங்கே மணமாகாத ஒரு தாய்க்குப் பிறந்தவர். ஐந்து பெண்களுக்குத் தந்தை. பள்ளியையும் நடத்தும் கன்னிமாடத்தைப் பகைத்துக்கொண்டால் அந்தப் பெண்களின் படிப்பு என்னவாகும் என்ற கவலையும், கண்டதைக் காணாததுபோல் இருக்க முடியாத மனமும் அவருக்குள் மோதுவதே கதை. மணமாகாமல் தாயானவர்கள் உட்படப் பல பெண்களை அடைத்து வைத்துக் கூலியின்றித் துணி வெளுக்கச் செய்த, கன்னியாஸ்திரிகள் நடத்திய 'மக்தலேன் சலவையகங்கள்' அயர்லாந்தில் 1996 வரை இயங்கின. ஊரே அறிந்திருந்தும் ஊரே வாய்திறக்காத செய்தி அது. அயர்லாந்து எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பத் தொடுவது இந்த ஊர்மௌனத்தைத்தான் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு ஜாய்ஸிடமே திரும்பலாம். 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் 15 கதைகளில் 'யுலிசிஸ்' நாவலின் சிக்கல் எதுவும் இல்லை. கடைசிக் கதையான 'தி டெட்'டை மட்டும் அவசரமில்லாத ஓர் இரவுக்கு ஒதுக்கி வையுங்கள். விருந்து முடிந்து கிளம்பும் வேளையில், மாடிப்படியில் நின்றபடி யாரோ பாடும் பழைய பாட்டொன்றைக் கேட்கும் மனைவியின் முகத்தைக் கணவன் கீழிருந்து பார்க்கிறான். அவள் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் படிக்கட்டில் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றி நாவல், வரலாறு இரண்டும் வேண்டும். எவை நம்பத்தக்கவை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: நாவல் என்றால், ஏரன் தீவுகளில் பிறந்த லியம் ஓ'ஃபிளாஹர்டி 1937இல் எழுதிய 'ஃபேமின்'. ஏழைக் குடியானவர்கள் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்த நாட்டில், 1845இல் பூஞ்சை போன்ற ஒரு நோய் வந்து செடிகள் கருகி, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகியது. ஓ'ஃபிளாஹர்டி இதை ஒரு பள்ளத்தாக்கின் கில்மார்ட்டின் குடும்பத்தை வைத்துச் சொல்கிறார். நிலத்தை விட்டு அசைய மறுக்கும் முதியவர் பிரையனும், எப்படியாவது உயிர்பிழைத்தே தீர வேண்டும் என்று நிற்கும் மருமகள் மேரியும் மறக்கக்கூடியவர்கள் அல்லர்.

வரலாறு என்றால், செசில் உட்ஹாம்-ஸ்மித் என்னும் பெண்மணி 1962இல் வெளியிட்ட 'தி கிரேட் ஹங்கர்'. பின்வந்த ஆய்வாளர்கள் அவருடைய தீர்ப்புகள் சிலவற்றோடு உடன்படவில்லை என்றாலும், கடிதங்களையும் அரசு ஆவணங்களையும் கோத்துக் கதைபோலச் சொல்லும் அந்த நடைக்கு இன்றும் ஈடு குறைவு. ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்ததையும், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறியதையும், 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியதையும் அதைப் படித்தபின் வெறும் எண்களாகப் பார்க்க இயலாது. அந்நூலில் அடிக்கடி வரும் ஒரு பெயர் சார்லஸ் ட்ரெவெலியன். அயர்லாந்தை அன்று ஆண்ட பிரிட்டனின் லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த அதிகாரி. அவரேதான் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே மக்கள் பூங்கா உருவாகக் காரணமானவர். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் பிற்காலத்தில் எழுந்தது அந்தப் பக்கத்தில்தான். சென்னையில் நன்மதிப்புப் பெற்ற ஒருவர் அயர்லாந்தின் நினைவில் எப்படித் தங்கியிருக்கிறார் என்பதை அறிய நம்மவர்கள் அந்நூலைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கேள்வி: விடுதலைப் போரையும் வட அயர்லாந்துக் கலவரங்களையும் பற்றி? (வாசகர், கோவை)

பதில்: விடுதலைப் போருக்கு ஒரே ஒரு சிறுகதை போதும் என்பேன்: ஃபிராங்க் ஓ'கானரின் 'கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்', 1931. பிடிபட்ட இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்களும் அவர்களுக்குக் காவலிருக்கும் அயர்லாந்து இளைஞர்களும் இரவுதோறும் சீட்டாடி, சண்டையிட்டு, நண்பர்களாகிவிடுகிறார்கள். பழிக்குப் பழியாக அந்தச் சிப்பாய்களைச் சுட்டுவிடும்படி மேலிடத்து உத்தரவு வருகிறது.

வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளுக்கு இடையே முப்பது ஆண்டுகள் நீடித்து, 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தத்துடன் பெருமளவு அடங்கிய மோதலில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். அதற்கு அன்னா பர்ன்ஸின் 'மில்க்மேன்'. 2018இல் புக்கர் பரிசு பெற்றது. பாத்திரங்கள் எவருக்கும் பெயர் சொல்லப்படுவதில்லை, பெயரே ஒருவர் எந்தத் தரப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும் ஊர் என்பதால். நீண்ட வாக்கியங்கள் முதலில் திணறவைக்கும். வாய்விட்டுப் படித்தால் வழிக்கு வரும்.

கேள்வி: அயர்லாந்தின் சொந்த மொழியில் எழுதப்பட்ட நூல் ஏதும் கிடைக்குமா? (தமிழாய்வு மாணவர், தஞ்சாவூர்)

பதில்: மார்டின் ஓ கைன் 1949இல் ஐரிஷ் மொழியில் வெளியிட்ட 'க்ரே ந கில்லெ', அதாவது 'இடுகாட்டு மண்'. இதில் பேசுபவர் எல்லாரும் புதைக்கப்பட்டவர்கள். கத்ரீனா என்னும் கிழவி கண்விழித்ததும் கேட்கும் கேள்வி, தன்னை ஒரு பவுண்டு குழியில் புதைத்தார்களா, பதினைந்து ஷில்லிங் குழியில் புதைத்தார்களா என்பது. புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பிணத்திடமும், மேலே இன்னும் உயிரோடிருக்கும் தங்கையைப் பற்றி விசாரித்து வயிறெரிகிறாள். நம் கிராமத்துத் திண்ணையில் காதில் விழும் பேச்சேதான் அது. ஆங்கிலத்தில் அச்சாக 2015 வரை ஆயிற்று. அடுத்தடுத்து இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்தன. ஆலன் டிட்லியின் 'தி டர்ட்டி டஸ்ட்' வசவுகளின் வேகத்தைக் காப்பாற்றத் தாராளமாக உரிமை எடுத்துக்கொள்கிறது. 2016இல் வந்த 'கிரேவ்யார்ட் க்ளே' மூலத்தை ஒட்டியே செல்கிறது. ஆய்வு மாணவரான உங்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.